தாழந்தீவு மாகாணத்துக்கு ஒரு மாப்பிள்ளை

தாழந்தீவு கிழக்கு மேற்காக இரண்டேகால் கிலோமீற்றர் நீளம். வடக்குத் தெற்காகக் கடல் வற்றுகிற மாதங்களில் ஒரு கிலோமீற்றர் இருக்கும், மாரியில் அதுவும் இராது. இந்த இடத்தை நாங்கள் ஐந்து மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்டத்துக்கு ஓர் அதிபரும் இரண்டு உப அதிபர்களும் நியமித்து, எல்லாருக்கும் மேலே ஓர் ஆளுநரை இருத்தி, முறையாக ஆட்சி செய்துகொண்டிருக்கிறோம். ஆட்சி நடப்பது தீவில் அல்ல. பாரிஸில், தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில்.

'நாங்கள்' என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் காற்று மழைத் துறையின் உபசெயலாளர். இதைக் கேட்டு யாரும் என்னைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் பேரவையில் பதவி இல்லாத ஆளே கிடையாது. போன வருடம் பொண்டி என்ற புறநகரிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வடை கொண்டுவந்து தந்துவிட்டுப் போகத்தான் வந்தார். படி இறங்கும்போது அவர் மீன்வளத் துறையின் ஆலோசகர். இன்றைக்கும் அந்தப் பதவியில்தான் இருக்கிறார், வடையும் அவர்தான் கொண்டுவருகிறார்.

ஆரம்பத்தில் நாங்கள் சும்மா ஓர் ஊர் ஒன்றியமாகத்தான் இருந்தோம். கோடையில் ஒரு விளையாட்டுப் போட்டி, தையில் ஒரு பொங்கல், அவ்வளவுதான். பக்கத்துத் தீவுக்காரர்கள் தங்கள் ஒன்றியத்தைப் 'பேரவை' என்று மாற்றிக் கலண்டரும் அடித்துவிட்டார்கள். அந்தக் கலண்டர் லாச்சப்பல் கடைகளில் தொங்குவதைக் கண்ட எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் தாழந்தீவை மாகாணமாக்கும் பிரேரணை பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. முத்திரையில் நண்டு இருப்பதா, தாழம்பூ இருப்பதா என்று முடிவு செய்யத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது முத்திரையில் நண்டு தாழம்பூவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆளுநர் குலசிங்கம் பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கிறார். எண்பத்தைந்தில் தீவை விட்டு வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. ஆனாலும் ஆட்சி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கூட்டத்தின் நடுவே அவர் கழிப்பறைக்குப் போனால்கூட உப ஆளுநர் பதில் பொறுப்பு ஏற்பார். போன நேரமும் வந்த நேரமும் கூட்ட அறிக்கையில் பதியப்படும்.

இப்படிப்பட்ட மாகாணத்தின் முன்னால்தான் யசோதரன் வந்து நின்றான். அவன் பாரிஸுக்கு வந்து ஒன்றரை வருடம். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது சலாட் வெட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தான். தாழந்தீவில் பிறந்து, தாழந்தீவிலேயே படித்து, முப்பது வயது வரைக்கும் அங்கேயே இருந்தவன். அவனுக்கு வந்த வில்லங்கம் எல்லாம் அதனால்தான்.

ஒருநாள் பல்வலி என்று திரான்சியில் ஒரு பல் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறான். வரவேற்பு மேசையில் இருந்த சுபாங்கி அவனுடைய பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கதைத்தாள். சொத்தைப் பல்லைப் பிடுங்கிய பிறகும் நல்ல பல்லோடு அவன் நாலைந்து தரம் வைத்தியரைப் பார்க்க ரோந்தேவு என்று நேரம் எடுத்துப் போனான். ஐந்தாம் தரம் வைத்தியரே அவளிடம் விஷயத்தை விசாரித்தாராம். அவள் பொண்டியில் பிறந்தவள், தாழந்தீவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் தகப்பன் தவரத்தினம் எங்கள் மேற்கு மாவட்டத்தின் அதிபர்.

தவரத்தினம் தங்கமான மனிதர். பொதி தரம்பிரிக்கும் இடத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்கிறார். ஒரே ஒரு குறை, தானாக ஒரு முடிவும் எடுக்கமாட்டார். வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கவும் செயற்குழுவைக் கேட்டவர். யசோதரனை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, நன்றாகக் கதைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கு. ஆனால் நான் ஒரு மாவட்டத்தின்ரை அதிபர். அத்தாட்சி இல்லாமல் பொம்பிளை குடுத்தால் நாளைக்கு என்ரை மாவட்டத்திலை ஆர் சட்டத்தை மதிப்பினம்?"

அவருடைய மாவட்டத்தில் அப்போது பத்தொன்பது பேரும் நாற்பது ஆடுகளும் இருந்தன.

அத்தாட்சி விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது விசாரிப்பது வழக்கம். எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய மகன் என்று நாலு பேரிடம் கேட்பார்கள். பாரிஸில் அந்த நாலு பேரும் எந்த நேரமும் வேலையில் நிற்பதால் பேரவை அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. குடியுரிமைப் பிரிவு 'தாழந்தீவார் அத்தாட்சி' என்று ஒரு கடிதம் கொடுக்கும். முன்பு கேட்டதும் கொடுத்தார்கள். பிறகு ஒரு கோடையில், வேறொரு தீவுக்காரன் எங்கள் ஆள் என்று சொல்லி எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்குக் கோல் காக்க வந்து ஆறு கோல் விட்டான். அன்றிலிருந்து பரீட்சை வைக்கிறோம்.

புவியியல், வரலாறு, ஆட்சி என்று மூன்று பாடம். பாடநூல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவர் வரலாற்றுத் துறைச் செயலாளர் இராஜேந்திரன், ஒன்பது வயதில் தீவை விட்டு வந்தவர். சுபாங்கி பதினொரு வயதில் அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்து முதற்பரிசு வாங்கியவள். அவள் புத்தகத்தை யசோதரனிடம் கொடுத்து, இதில் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லு, சொந்தமாக ஒன்றும் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அவன் மெத்ரோவில் பத்துப் பக்கம் வாசித்தான். இது எங்கட தீவு இல்லை, வேறு ஏதோ பெரிய இடம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை சேலைக்கடை மேல்மாடியில் நடந்தது. ஆளுநர் நடுவில் இருந்தார், இராஜேந்திரன் கேள்வி கேட்டார், தவரத்தினம் பெண்ணின் தகப்பன் என்பதால் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றும் மழையும் புவியியலுக்குள் வருவதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் கேள்வி, மாகாணத்தின் மிக உயர்ந்த இடம் எது என்பது. விடை கோட்டை மேடு. யசோதரன் மரியாதையாக எழுந்து நின்று, கோட்டை மேடு இப்போது இல்லை, பள்ளிக்கூடத்துக்கு அத்திவாரம் போட அந்த மண்ணைத்தான் அள்ளினார்கள், இப்போது உயரமாக இருப்பது தண்ணீர்த் தாங்கி என்றான்.

ஆளுநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்த அதிகாரத்திலை அள்ளினவை? எங்களிட்டை அனுமதி கேட்டவையோ?"

யசோதரன் தான் அப்போது ஆறாம் வகுப்பு என்று சொன்னான். இராஜேந்திரன் பிழை என்று புள்ளடி போட்டார்.

மாகாணத்தின் துறைமுகங்கள் எத்தனை என்றார். விடை இரண்டு. அவன் ஒன்று என்றான். மற்றது புயலில் போய்விட்டதாம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு புயல் பற்றி எங்கள் துறைக்கு அறிவித்தல் எதுவும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன். அது உண்மைதான், எங்கள் துறைக்கு இன்றுவரை எந்த அறிவித்தலும் கிடைத்ததில்லை. புள்ளடி விழுந்தது.

பிரதான ஏற்றுமதிக்கு விடை புகையிலை. அவன் கடலட்டை என்றான். பண்ணை போட்டு வளர்க்கிறார்கள், காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று ஆர்வமாக விளக்கினான். நாங்கள் தின்னாத சாமானை நாங்கள் எப்படி ஏற்றுமதி செய்வது என்று இராஜேந்திரன் கேட்டார். அதற்கும் புள்ளடி.

சனத்தொகைக்கு வந்தோம். புத்தகத்தில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. யசோதரன் விரல் விட்டு எண்ணினான். இருநூற்றுப் பதினொரு பேர், அக்கரையிலிருந்து வந்துபோகிற தாதிமார் இரண்டு பேரையும் சேர்த்தால் இருநூற்றுப் பதின்மூன்று என்றான். பேரவையின் அங்கத்தவர்கள் பாரிஸில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம். ஆளுநர் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, சனத்தொகை எண்டது அங்கை இருக்கிற ஆக்களை எண்ணுறது இல்லை. அது ஒரு மாகாணத்தின்ரை மரியாதை. மரியாதையை நாங்கள் குறைக்கேலாது."

வரலாற்றில் நண்டுப் போர் பற்றிக் கேட்டார்கள். பறங்கியரின் கப்பல் ஒன்றை எங்கள் முன்னோர் நண்டுகளை வீசி விரட்டிய போர் அது. புத்தகத்தில் முப்பத்தேழு பக்கம். யசோதரன் கேள்விப்பட்டதே இல்லை. அவன் கிண்டல் பண்ணவில்லை, சத்தியமாக அறிய ஆசைப்பட்டுத்தான் உயிர் நண்டோ, அவித்த நண்டோ என்று கேட்டான். இராஜேந்திரன் அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே புள்ளடியாகப் போட்டார்.

கடைசியாக ஆட்சி. மாகாணத்தை ஆள்பவர் யார்? சுவரில் பெயர்ப்பலகை இருக்கிறது, எதிரே ஆளே இருக்கிறார். தவரத்தினம் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

யசோதரன் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி. "மேரிறோஸ் அக்கா, ஐயா. எங்கட கிராம சேவகர். செவ்வாயும் வியாழனும் பத்து மணிப் படகிலை வருவா."

ஆளுநருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அவர் இருமி முடிக்கும்வரை உப ஆளுநர் பதில் பொறுப்பு ஏற்றார். நூற்றுக்கு மூன்று புள்ளிகள், நேரத்துக்கு வந்ததற்காக. விண்ணப்பதாரி தாழந்தீவைச் சேர்ந்தவர் அல்லர் என்று தீர்ப்பு எழுதி முத்திரை குத்தினார்கள்.

கீழே சேலைக்கடை வாசலில் சுபாங்கி நின்றாள். கடுதாசியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிரெஞ்சில் ஏசினாள், பிறகு தமிழில், ஏன் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எல்லாரும் தீவைப் பற்றித்தானே கேட்டினம்," என்றான் யசோதரன். "கனகாலம் போகாத ஆக்கள். புதினம் சொன்னால் சந்தோசப்படுவினம் எண்டு நினைச்சன்."

நான் பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உபசெயலாளருக்கு வாக்குரிமை மட்டும்தான் உண்டு, பேச்சுரிமை செயலாளருக்குத்தான்.

மேன்முறையீட்டுக்கு இடமிருந்தது. யசோதரன் அக்கரையில் உள்ள மேரிறோஸின் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். அவர் பிறப்புப் பதிவின் பிரதியைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். யசோதரன் எங்கட பெடியன்தான், இவன் பிறந்த அன்று தான்தான் மருத்துவிச்சியைக் கூட்டிப்போனது என்றார். இராஜேந்திரன் நன்றி சொல்லிவிட்டு, சாட்சி சொல்பவர் தாழந்தீவை அறிந்தவர் என்று உறுதிப்படுத்தவேண்டும், அது விதி என்று சொல்லி அவரிடம் துறைமுகம் எத்தனை என்று தொடங்கினார். மேரிறோஸ் அரை மணித்தியாலம் பொறுமையாகப் பதில் சொன்னார். நண்டுப் போர் வந்ததும், தம்பி, அடுப்பிலை கறி கிடக்கு என்று போனை வைத்துவிட்டார். அவருக்குப் பதினொரு புள்ளிகள்.

இதற்குப் பிறகு பேரவைக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. தீவிலிருந்து வந்தவனுக்கு மூன்று. தீவை நிர்வகிக்கிறவருக்குப் பதினொன்று. பொண்டியில் பிறந்த பிள்ளைகள் தொண்ணூற்றுக்குக் குறைந்ததே இல்லை. எங்கேயோ பிழை இருக்கிறது என்று எல்லாருக்கும் விளங்கியது. அடுத்த ஞாயிறு மத்தியானம் லாச்சப்பலில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார்கள்.

அங்கத்தவர்கள் அறுபத்தைந்து பேர் வந்திருந்தோம். யசோதரனைத் தனியாக ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். சுபாங்கி தாயோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஆளுநர் எழுந்தார்.

"சபையோரே, நாற்பது வருஷமா நாங்கள் ஒரு தீவைக் கட்டிக் காத்து வாறம். ஒரு மேட்டைக் குறைய விடேல்லை. ஒரு துறைமுகத்தை உடைய விடேல்லை. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு பேரிலை ஒருத்தரைச் சாக விடேல்லை. அங்கை இருக்கிறவை என்ன செய்தவை? எல்லாத்தையும் மாத்திப்போட்டினம். இப்ப சொல்லுங்கோ, தீவை வைச்சிருக்கிறது ஆர்?"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. நானும் தட்டினேன், கை தானாகவே தட்டியது. பிறகு இராஜேந்திரன் பிரேரணையை வாசித்தார்: 'தாழந்தீவு என்ற பெயரில் தற்போது கடலில் இயங்கிவரும் நிலப்பகுதிக்கு இப்பேரவை எவ்விதப் பொறுப்பும் ஏற்காது. மேற்படி நிலப்பகுதி மூன்று மாதங்களுக்குள் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்.' இது நிறைவேறினால் யசோதரன் பெயரில்லாத ஓர் இடத்தில் பிறந்தவன் ஆவான். அவனுக்கு அத்தாட்சியும் இல்லை, மேன்முறையீடும் இல்லை, சுபாங்கியும் இல்லை.

"மே அப்பா, இது நோர்மாலே இல்லை," என்று சுபாங்கி மூன்றாவது வரிசையிலிருந்து பாதிப் பிரெஞ்சில் உரக்கச் சொன்னாள். அவள் அங்கத்தவர் அல்ல என்று பேரவைச் செயலாளர் பதிந்துகொண்டார்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. தவரத்தினத்தின் கையும் தோள்வரைக்கும் எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு அவர் எழுந்து நின்று, பரீட்சார்த்தியிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார். பாடத்திட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்று ஆளுநர் கேட்டார். வெளியே என்றார்.

"தம்பி, மேற்கிலை, கோயில் கேணிக்கு இஞ்சாலை ஒரு கல்வீடு. முன்னுக்கு நீலக் கேற். அது எப்பிடி இருக்கு?"

அந்த வீடு புத்தகத்தில் 'மேற்கு மாவட்டத் தலைமையகம்' என்று படத்தோடு இருக்கிறது. மண்டபம் முழுவதும் யசோதரனைப் பார்த்தது. நல்லா இருக்கு என்று சொல்லு, என்று சுபாங்கி சத்தமில்லாமல் வாயசைத்தாள். நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன். ஒரு சொல் போதும், கலியாணம் முற்றாகிவிடும். அவன் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், இரண்டு கையாலும் முழங்காலைத் துடைத்தான்.

"வீடு இல்லை மாமா," என்றான். "கூரை நான் சின்னனா இருக்கேக்கையே போயிட்டுது. சுவர் நான் இஞ்சை வாறதுக்கு முந்தின மாரிக்கு விழுந்தது. இப்ப அந்த வளவுக்குள்ளை போன் டவர் போட்டிருக்கினம்."

ஆளுநர் புள்ளடி போடப் பேனாவை எடுத்தார். யசோதரன் நிறுத்தவில்லை.

"அந்த டவருக்கு எப்பவும் அரை உயிர்தான். கிட்டப் போனால்தான் லைன் கிடைக்கும். அதாலை எல்லாரும் அங்கை வந்துதான் கதைக்கிறது. பாரிஸுக்கு எடுக்கிறவையும் அங்கை நிண்டுதான் எடுக்கிறவை. மழையெண்டால் குடை பிடிச்சுக்கொண்டு நிப்பினம். எங்கை போறியள் எண்டு கேட்டால் தவரத்தாற்றை வளவுக்கு எண்டுதான் சொல்லுவினம். தவரத்தார் ஆர் எண்டு எனக்கு இஞ்சை வந்துதான் தெரியும்."

தவரத்தினம் முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ரை வளவுக்குச் சனம் வந்து போகுதோ?"

"விடியவே வந்திடுவினம், மாமா."

அவர் இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் துணி தேடினார், கிடைக்கவில்லை, சேட்டில் துடைத்தார். என்னிடம் கைலேஞ்சி இருந்தது, ஆனால் அது எனக்கே தேவைப்பட்டது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தபடியால் பதிலை ஏற்கமுடியாது என்று ஆளுநர் அறிவித்தார். மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு அறுபத்து நாலு, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர் தவரத்தினம். நான் ஆதரித்தேன், கை உயர்த்திப் பழகிவிட்டது. கடலில் கிடக்கும் அந்த நிலப்பகுதி தாழந்தீவு அல்ல என்று மாகாண முத்திரை குத்தப்பட்டது. கூட்டம் நாலேகாலுக்கு இனிதே முடிவுற்றது.

மேலே வீதிக்குப் போகிற படி ஒடுக்கமானது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். அதில் சனம் நகரவில்லை. யசோதரன் படியின் உச்சியில் மாட்டிக்கொண்டு நின்றான். முதலில் அவனுடைய கையைப் பிடித்தது ஆளுநர் குலசிங்கம். தம்பி, வடக்கிலை, சங்கக்கடைக்குப் பின்னாலை ஓர் ஓட்டு வீடு, என்று குரலைத் தாழ்த்தித் தொடங்கினார். பின்னால் நின்ற இராஜேந்திரன், தங்கட வளவு கடற்கரைப் பக்கம், அதை முதல் சொல்லட்டும் என்றார். தெற்கு மாவட்டத்தார் தாங்கள் வயதானவர்கள் என்றார்கள். தள்ளுமுள்ளு வந்தது. பேரவைக்கு ஒழுங்கு முக்கியம் என்பதால் செயலாளர் அந்த இடத்திலேயே கொப்பித் தாளைக் கிழித்து, இலக்கம் எழுதி, முத்திரை குத்தி ஆளுக்கொன்று கொடுத்தார். ஆளுநருக்குப் பத்தொன்பதாம் இலக்கம் கிடைத்தது. அவர் கீழே இறங்கி வரிசையில் நின்றார்.

யசோதரன் ஐந்து மணிக்கு வேலையில் நிற்கவேண்டும். நாலாம் இலக்கக்காரருக்கு, அவருடைய வேலிக்குள் இப்போது யார் ஆடு கட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுபாங்கி அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது தவரத்தினம் எல்லாரையும் விலக்கிக்கொண்டு மேலே ஏறி, வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"மருமோனுக்கு வேலைக்கு நேரமாச்சு. மிச்சப் பேர் நாளைக்குப் பின்னேரம் வீட்டை வாங்கோ."

செயற்குழுவை அவர் கேட்கவில்லை. என்னிடம் இருந்தது இருபத்து மூன்றாம் இலக்கம். மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன்.